மத்தாப்பின் சிவப்பு பிறந்த கல்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் சாலையில் ஆமத்தூர் தாண்டியதும் கரிசல் காடு இரு பக்கமும் விரிந்துவிடும். அந்தக் காட்டுக்குள் தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள்தான் பட்டாசு ஆலைகள். ஓர் அறை பற்றினால் அடுத்ததற்குத் தீ தாவக் கூடாது என்று விட்ட இடைவெளி அது. மழை குறைவு, வெயில் அதிகம். மருந்து காய இதைவிடத் தோதான பூமி இல்லை. 1922-இல் சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். விளைச்சலைக் கெடுத்த வறட்சியே அதற்குப் பிறகு இந்த ஊருக்கு முதலாகிவிட்டது.

எனக்குப் படிகங்களின் மேல் நெடுநாள் மோகம். உலகின் பெரிய படிகங்களைப் பற்றிப் படித்துக்கொண்டே போனபோது அந்த வழி சிவகாசியில் வந்து நின்றது.

அமெரிக்காவின் ஈரி ஏரியில் புட்-இன்-பே என்று ஒரு தீவூர். 1897-இல் அங்கே ஹைன்மன் குடும்பத்தின் திராட்சை மது ஆலைக்குக் கிணறு வெட்டியவர்கள், 40 அடி ஆழத்தில் பாறைக்குள் ஒரு பொந்தைத் திறந்தார்கள். சுவர் முழுக்க வெளிர் நீலப் படிகங்கள். சில மூன்றடி அகலம் வரை; எடை 135 கிலோ வரை. செலஸ்டைட் என்ற கனிமம், அதாவது ஸ்ட்ரான்ஷியம் சல்பேட். உள்ளே படிகம் பூத்த இத்தகைய கற்பொந்துகளை ஜியோடு என்பார்கள். உலகிலேயே பெரிய ஜியோடு இதுதான் என்று சொல்லப்படுகிறது. இன்று பார்வையாளர்கள் நடமாடும் இடத்தில் ஒரு காலத்தில் படிகங்கள் நிறைந்திருந்தன. அவற்றை உடைத்து வாணவேடிக்கைக்கு விற்றுவிட்டார்கள். சுடருக்குச் சிவப்பு கொடுப்பது ஸ்ட்ரான்ஷியம்.

பிழைத்த படிகங்கள் பின்னாளில் அந்த ஆலையையே காப்பாற்றின. 1920-இல் மதுவிலக்கு வந்ததும், குகையைப் பார்க்க வந்தவர்கள் கொடுத்த கட்டணமும் திராட்சைச் சாறு விற்ற காசும்தான் குடும்பத்தைத் தாங்கின. உடைத்தவற்றை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

திருத்தங்கல் பக்கம் ஓர் ஆலையில் போர்மேனாக இருக்கும் அண்ணாச்சி ஒருவர் என்னை உள்ளே அழைத்துப் போனார். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அறை வாசலில் பதித்திருந்த செப்புத் தகட்டைத் தொடச் சொன்னார். உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். உள்ளே சாம்பல் நிற அலுமினியப் பொடியின் மினுமினுப்பு எல்லார் கையிலும் காதோரத்திலும்.

வெடியுப்பு மூட்டையில் ஈரம் ஏறி இறுகிப்போன கட்டி ஒன்றை எடுத்து வெளியே வந்தார். கட்டையால் மெதுவாகத் தட்டினார்; இரும்புக்கு இங்கே இடமில்லை, பொறி பறக்கும். கட்டி பிளந்த இடத்தில் ஊசி ஊசியாகப் படிகங்கள், நகத்தளவு நீளம், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து. வெயில் பட்டதும் கண் கூசியது. நான் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருப்பேன். அவர் அதற்குள் அதைச் சல்லடையில் தேய்த்துவிட்டார்.

“எவ்வளவு நைசா சலிக்கிறமோ அவ்வளவு வேகமா எரியும் தம்பி. எந்த ரகத்துக்கு எந்தச் சல்லடைங்கிறதுலதான் சூட்சுமம் இருக்கு.”

பச்சை நிறத்தைப் பற்றிக் கேட்டேன்.

“பச்சை உப்பா? அது கோர்ட்டு தடை போட்டது. தொடக் கூடாது.”

பேரியம் நைட்ரேட்டைத்தான் இங்கே பச்சை உப்பு என்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2018-இல் பேரியம் உப்புகளைப் பட்டாசில் தடை செய்தது; 2021-இல் அதை மறுபடி உறுதி செய்தது. அந்த உப்புக்கும் மூலம் கல்தான்: பேரைட். நம் பக்கத்து மாநிலத்தில் முன்பு கடப்பை மாவட்டத்தில் இருந்த மங்கம்பேட்டையில் கிடப்பது உலகின் மிகப் பெரிய பேரைட் படிவங்களில் ஒன்று.

படிகம் ஏன் சில இடங்களில் மட்டும் மலைபோல் வளர்கிறது என்று அண்ணாச்சி கேட்டார். மெக்சிகோவின் நைக்கா சுரங்கத்தைப் பற்றிச் சொன்னேன். 2000-ஆம் ஆண்டில், 300 மீட்டர் ஆழத்தில் அந்தக் குகை கண்ணில் பட்டது. உள்ளே 11 மீட்டர் நீள ஜிப்சம் தூண்கள், பெரியதன் எடை 50 டன்னுக்கு மேல். இதே ஜிப்சத்தைத்தான் சாத்தூர் சாலையில் ஆர்.ஆர். நகர் ஆலையில், சிமென்ட் சட்டென்று இறுகாமலிருக்கச் சேர்க்கிறார்கள். நைக்காவில் குகை நிறையத் தண்ணீர். வெப்பம் 58 டிகிரியை ஒட்டியே பல லட்சம் ஆண்டுகள் நின்றது. ஒரு கனிமம் மெல்லக் கரைய, கரைந்தது இன்னொன்றாக மெல்லப் படிந்தது. புதுப் புது விதைகள் தோன்றாததால் இருந்த சிலவே வளர்ந்துகொண்டே போயின.

“பனங்கற்கண்டு கதைதான்! பாகுப் பானைய ஒரு மண்டலம் அசைக்காம வச்சாத்தான் பெரிய கல்லு விழும். ஆட்டுனா சீனியாப் போயிரும்” என்றார். நான் பாடப் புத்தகங்களில் படித்ததை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

நம் மண்ணிலும் ராட்சதப் படிகங்கள் உண்டு. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில், இனிகுர்த்திச் சுரங்கத்தில் 10 அடி குறுக்களவுள்ள காக்காப்பொன் படிகங்கள் கிடைத்தன. சிறுவயதில் ஓடைமணலில் பொறுக்கிய அந்த மினுங்கும் செதில்தான் அங்கே ஆளைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது. படிகத்தின் அளவுக்கு மேல்வரம்பு என்று கொள்கையளவில் எதுவும் தெரியவில்லை என்று 1981-இல் பீட்டர் ரிக்வுட் எழுதினார். மடகாஸ்கரில் 18 மீட்டர் நீளப் பெரில் படிகம் அவர் பட்டியலில் இருக்கிறது.

செலஸ்டைட்டும் தமிழ்நாட்டில் உண்டு. திருச்சி, பெரம்பலூர்ப் பக்கம் ஊட்டத்தூர்க் களிமண்ணில் ஜிப்சத்தோடு சேர்ந்து நரம்புபோல் ஓடுகிறது. பத்து கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடிச் சேறு அது. களிமண் வெடிப்பில் எவ்வளவு இடம் கிடைத்ததோ அவ்வளவுதான் வளர முடிந்தது.

பட்டாசு மருந்தில் தினமும் கைவைக்கும் மக்களுக்கு இந்தக் கற்களை யாரும் காட்டியதில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. சிவகாசியில் ஒரு சிறு கூடம் போதும். செலஸ்டைட் ஒரு துண்டு, பேரைட் ஒரு துண்டு, கந்தகம் ஒரு கட்டி, பக்கத்தில் அவை தரும் நிறமும் நெருப்பும். ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தோடு வந்து பார்க்கட்டும்.

அண்ணாச்சி அதற்கெல்லாம் காத்திருக்கிற ஆளில்லை. ஊட்டத்தூருக்கு எப்படிப் போவது என்று கேட்டார். பெரம்பலூர் போய், ஊட்டத்தூர்ப் பக்கத்தில் காரை என்ற கிராமத்துக்குப் போனால், மழை அரித்த செம்மண் ஓடைகளில் ஜிப்சம் தகடுகள் தரையிலேயே கிடக்கும் என்றேன்.

“தீபாவளி முடிஞ்சதும் ஒரு மாசம் ஆலையை அடைச்சிருவோம். அப்ப போவோம். எம் மகளையும் கூட்டிட்டு வாரேன், அவ கெமிஸ்ட்ரி படிக்கா.”