மட்டிப்பழமும் ஜப்பானும்

குமரி மாவட்டத்துப் புதுக்கடையில் மட்டி வாழைக்குலை தொங்குகிற கடையைக் கண்டால் என்னால் தாண்டிப் போக முடியாது. விரல் நீளம், மெல்லிய தோல், அந்த மணம்! 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, "அண்ணே, ஜப்பானுக்கு அனுப்பலாமா?" என்று தம்பிமார் கேட்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் அங்குள்ள சட்டத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பழ ஈ வந்துவிடும் என்பதால் ஜப்பான் பச்சைக்காயை மட்டுமே அனுமதிக்கிறது; பழுத்த வாழைக்குத் தடை. நம் மாம்பழத்துக்கும் இதே ஈயால்தான் நெடுங்காலம் கதவு அடைத்திருந்தது. 2006-ல் நீராவிச் சூட்டில் பதப்படுத்தும் நிபந்தனையோடு திறந்தார்கள்.

அடுத்தது மருந்து எச்சம். 2006 மே 29 முதல், தனி வரம்பு குறிக்காத பூச்சிமருந்து எதுவானாலும் 0.01 பிபிஎம்தான் எல்லை. அதாவது ஒரு டன் சரக்கில் 10 மில்லிகிராம். பக்கத்து விளையில் அடித்த மருந்து காற்றில் வந்தாலே சரக்கு சிக்கலாம். இறால்காரர்கள் பட்ட பாடு தெரியுமா? தீவனம் கெடாமலிருக்கச் சேர்க்கும் எத்தாக்ஸிகுயின்தான் காரணம். 2012-ல் ஜப்பான் அதைச் சோதிக்கத் தொடங்கியதும் ஏற்றுமதி தடுமாறியது. 2014-ல் வரம்பை 0.2 பிபிஎம் ஆக்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

என்னைக் கேட்டால், நம் மலைக் கிராம்பில் தொடங்குங்கள். காய்ந்த பொருள், பழ ஈத் தொல்லை கிடையாது. என்ன மருந்து, எந்தத் தேதியில் அடித்தோம் என்று இன்றைக்கே ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். அனுப்புவதற்கு முன் ஆய்வகச் சோதனையும் முடித்துவிடுங்கள்.