புதுச்சேரியில் கண்ட ஜப்பான்

ஜப்பானைப் பற்றி அறிய விரும்புவோர் புதுச்சேரிக்குப் போக வேண்டும் என்று நாம் சொன்னால் நேயர்கள் நகைக்கக் கூடும். ஆயினும் நமது அனுபவம் அப்படித்தான் அமைந்தது. கடற்கரையைக் காணவும், ஆசிரமத்தைத் தரிசிக்கவும், பாரதியார் வாழ்ந்த வீட்டைப் பார்க்கவும் குடும்ப சமேதராய் இரண்டு நாள் பயணமாகச் சென்றோம். திரும்பி வரும்போது வழியெல்லாம் ஜப்பானைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். அது நேர்ந்த விதத்தை இங்கே எழுதுகிறோம்.

புதுச்சேரி, நாடு விட்டு வந்தோர்க்கு நிழல் தந்த ஊர். பிரெஞ்சுக் கொடி பறந்த அக்காலத்தில் ஆங்கில சர்க்காரின் வாரண்டு இவ்வூர் எல்லையோடு நின்றுவிடும். அதனாலேயே 1908-ல் ஸ்ரீ சுப்பிரமணிய பாரதியாரும், 1910-ல் ஸ்ரீ அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் இங்கே வந்து சேர்ந்தார்கள். பாரதியாருடைய நிலைமை விசித்திரமானது. சுற்றிலும் தமிழ் ஒலிக்கும் தெருவில் குடியிருந்தார்; எனினும் சில மைல் தூரத்திலுள்ள எல்லையைத் தாண்டினால் சிறை. சொந்த மண்ணின் வாசலிலேயே பரதேசியாய்ப் பத்தாண்டுகள் வாழ்ந்தார். அத்தகையவருக்கு உலகத்தைக் காட்டும் சாளரம் பத்திரிகை ஒன்றுதான்.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் வாழும் பகுதியில், ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இருக்கிறது. இப்போது அது நினைவில்லமாகவும் ஆராய்ச்சி நிலையமாகவும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. தெருவின் இரைச்சலிலிருந்து உள்ளே நுழைந்தவுடன் நமது குழந்தைகளும் தாமாகவே குரலைத் தாழ்த்திக் கொண்டார்கள். இங்கே நிற்கையில்தான் ஜப்பானின் நினைவு முதன்முதலாக நமக்கு வந்தது.

1905-ல் சுஷிமா கடற்போரில் ருஷியாவின் பெருங்கப்பற்படையை ஜப்பான் முறியடித்தது. ஆசியாவைச் சேர்ந்த ஒரு தேசம் ஐரோப்பிய வல்லரசொன்றை வெல்லக் கூடும் என்ற செய்தி, அடிமைப்பட்டிருந்த பாரத ஜனங்களின் உள்ளத்தில் புதிய தைரியத்தை ஊட்டிற்று. அத்தலைமுறையின் தேசபக்தர்களுக்கு ஜப்பான் என்ற பெயரே ஒரு மந்திரமாயிற்று. ஆனால் பாரதியார் அந்நாட்டைப் பீரங்கியின் மூலமாக மட்டும் பார்த்தவரல்லர். 1916-ல் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். கல்கத்தாவின் ‘மாடர்ன் ரிவ்யூ’ பத்திரிகையில் யோனே நோகுச்சி என்ற ஜப்பானியப் புலவர் எழுதியதைப் படித்து எழுந்த கட்டுரை அது. பதினேழே அசைகளில் அடங்கும் பாடல் வகையைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்திய ஆரம்ப முயற்சிகளில் அது ஒன்று.

அக்கட்டுரையில் நம்மைக் கவர்ந்தது, பாராட்டைக் காட்டிலும் பாராட்டின் அளவு. சொற்சுருக்கத்தின் அருமையை அவர் மெச்சுகிறார். பழந்தமிழிலும் அச்சுவை பெரிதும் மதிக்கப்பட்டது என்று நினைவூட்டுகிறார். ஆனால் கவிதை முழுவதும் ஒரேயடியாகச் சுருங்கிவிடுவது நல்லதன்று என்றும் சொல்லிவிடுகிறார். வெளியூர்ச் சரக்கென்றவுடன் தலையில் தூக்கி வைத்துக் கொள்ளவுமில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பவுமில்லை. கையிலுள்ள தராசில் நிறுத்துப் பார்த்தார்.

பாரதியார் 1918-ல் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். எல்லை தாண்டியதும் கடலூருக்கருகில் கைது செய்யப்பட்டார். ஒன்றரை ஆண்டு கழிந்து, 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி, ஜப்பானிலேயே நான்காண்டுகள் வாழ்ந்துவிட்டு ஒரு பிரெஞ்சு மாது இந்நகருக்கு வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் ‘ஸ்ரீ அன்னை’ என்று உலகம் அழைத்த மிர்ரா அவர்களே அவர். 1914-லேயே ஒருமுறை இங்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைத் தரிசித்தவர்; உலக யுத்தத்தின் நடுவே 1916-ல் ஜப்பான் சென்று, டோக்கியோவிலும் கியோட்டோவிலும் வசித்தார். பாரதியார் காகிதத்தில் கண்ட நாட்டை இவர் வீட்டுக்குள்ளிருந்து கண்டார்.

1917-ல் அன்னை எழுதிய ஜப்பான் அனுபவக் குறிப்பில் அரசியல் அதிகமில்லை. மனிதர்களின் அன்றாட நடத்தையே இருக்கிறது. ஜப்பானியர் கூரிய உணர்ச்சி படைத்தவர்கள், ஆயினும் அவ்வுணர்ச்சியை வெளியிடாதவர்கள் என்று அவர் கருதினார். நண்பனுக்காக உயிரையும் கொடுப்பான். நண்பனிடம் அன்பு கொண்டிருப்பதை மட்டும் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லமாட்டானாம். அவர்கள் குழந்தைகளை நடத்தும் விதமும், நிலத்தின் அமைப்போடு இசைந்து நிற்குமாறு வீடு கட்டும் பாங்கும், ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய மலரையும் மரத்தையும் தேடிச் சென்று பார்க்கும் வழக்கமும் அவரை வியப்பிலாழ்த்தின. ஆனாலும் பல்லாண்டுகளுக்குப் பின் ஆசிரமத்தில் உரையாடுகையில், கலையழகில் அதிசயத்தின் மேல் அதிசயமாகக் கண்ட அந்நாட்டில், ஆத்மிக வாழ்வில் தாம் ஒரு குறையைக் கண்டதாகவும் கூறினார். நேசித்த நாட்டைப் பற்றிக் குறையும் சொல்வதற்கு, அங்கே பலகாலம் வாழ்ந்திருக்க வேண்டும்.

அழகு அழகென்று இவர் சொல்வது எப்படிப்பட்டதென்று கேட்போர்க்கு, விடையாக ஒரு கட்டிடமே புதுச்சேரியில் நிற்கிறது. ‘கோல்கொண்டா’ என்னும் ஆசிரம விடுதி அது. ஹைதராபாத் திவான் ஸர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாம் அளித்த பொருள் கொண்டு தொடங்கப்பட்டதால், அவ்விராஜ்யத்தின் புகழ்பெற்ற வைரச் சுரங்கத்தின் பெயரைப் பெற்றது. இதை வகுத்தவர் டோக்கியோவில் நெடுங்காலம் தொழில் நடத்திய அன்டோனின் ரேமண்டு என்ற சிற்பி. செக் நாட்டிற் பிறந்தவர். 1937-ல் வேலையை மேற்பார்க்க அவருடைய டோக்கியோ அலுவலகத்திலிருந்து வந்தவர் ஜார்ஜ் நாகஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவிற் பிறந்த இவ்விளைஞர் ஆசிரமவாசியாகவே ஆகி, ‘சுந்தரானந்தர்’ என்ற நாமமும் பெற்றார்.

நாம் தெருவில் நின்றே இக்கட்டிடத்தைப் பார்த்தோம். இரும்புக் கம்பியிட்ட சிமிட்டிக் காரையால் ஆனது. இந்தியாவில் இம்முறையில் எழுந்த நவீனக் கட்டிடங்களில் முற்பட்டவற்றுள் ஒன்று. வெயில் நாட்டில் கண்ணாடி ஜன்னல் எதற்கென்று எண்ணினார்கள் போலும். சுவர் இருக்க வேண்டிய இடம் முழுவதும் படுக்கை வாட்டில் அடுக்கிய பலகைகள். திருப்பினால் திறக்கும், திருப்பினால் மூடும். காற்று வரும், வெயிலும் மழையும் வாரா. அறைகளுக்குத் தேக்குச் சட்டங்களாலான தள்ளுகதவுகளாம். யுத்த காலத்தில் சாமான்கள் அகப்படாதபோது, பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கைப்பிடிகளும் கீல்களும் வார்த்தார்கள் என்பர். இதைக் கேட்டதும் நமது வீட்டு அம்மாள், “பரணில் கிடக்கும் அண்டாக்களுக்கும் நற்கதி உண்டு போலிருக்கிறதே!” என்றார்கள். ஜப்பானிய வீட்டின் எளிமை, புதுச்சேரிக் காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி இங்கே மறுபிறவி எடுத்திருக்கிறது. ஜப்பானிய வீட்டை அப்படியே பெயர்த்துக் கொண்டு வந்திருந்தால் முதற் புயலிலேயே போயிருக்கும்.

ஆனால் கதையின் மற்றொரு பாதியையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ருஷியாவை வென்ற ஜப்பான் 1910-ல் கொரியாவைத் தன் ராஜ்யத்தோடு சேர்த்துக் கொண்டது. 1916-ல் ஜப்பான் சென்ற ரவீந்திரநாத தாகூர், மேனாட்டாரின் ஆதிக்க வெறியைப் பின்பற்ற வேண்டாமென்று அந்நாட்டாரின் முகத்துக்கெதிரே எச்சரித்தார். பாரதியார் யாருடைய எழுத்தைப் படித்து மகிழ்ந்தாரோ, அதே நோகுச்சி 1938-ல் சீனாவின் மீது ஜப்பான் தொடுத்த யுத்தத்தை ஆதரித்துத் தாகூருக்குக் கடிதம் எழுதினார். தாகூர் வருத்தத்தோடு மறுத்தெழுதினார். 1921-லேயே மறைந்த பாரதியார் இதைக் காணவில்லை. 1942-ஆம் ஆண்டு ஏப்ரலில் கொழும்பு, விசாகப்பட்டணம், காக்கிநாடா ஆகிய ஊர்களின் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னைவாசிகள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடினார்கள். ஸ்ரீ அரவிந்தரும் அன்னையும் அந்த யுத்தத்தில் நேச நாடுகளின் பக்கமே நின்றார்கள். ஜப்பானை நான்காண்டு நேசித்த கண், அதன் படையெடுப்பைக் கண்டு மயங்கவில்லை.

அதே 1942-ல் நாகஷிமா அமெரிக்காவில், ஜப்பானிய இரத்தம் என்ற ஒரே காரணத்தால், மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் முள்வேலி முகாமில் அடைக்கப்பட்டார். பிறந்த நாட்டார் அவரை அந்நியரென்றார்கள். அவர் மேற்பார்த்த விடுதியோ புதுச்சேரியில் எழும்பிக் கொண்டிருந்தது. மறு ஆண்டு ரேமண்டின் முயற்சியால் அவர் விடுதலையானார். பின்னர் மரவேலையில் உலகப் புகழ் பெற்றார்.

மாலையில் கடற்கரையில் அமர்ந்திருந்தபோது நமது மூத்த பையன், “அப்படியானால் ஜப்பான் நல்ல தேசமா, கெட்ட தேசமா?” என்று கேட்டான். உடனே விடை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. சுஷிமாச் செய்தியைக் கேட்டு நம் முன்னோர் மகிழ்ந்ததில் தவறில்லை. பிறர் வெற்றியையே நமது விடுதலை என்று எண்ணியவர்கள் மட்டுமே பின்னர் ஏமாந்தார்கள். பீரங்கியைப் பார்த்தவன் பீரங்கியைக் கற்றான். குழந்தையை நடத்தும் விதத்தையும், கூரையின் அழகையும், சொல்லின் சுருக்கத்தையும் பார்த்தவர்கள் நமக்கு ஒரு கட்டுரையையும் ஒரு கட்டிடத்தையும் விட்டுச் சென்றார்கள்.

இப்போது நம் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் ஜப்பான் செல்கிறார்கள். அவர்கள் எழுதும் செய்திகளில் ரயிலின் வேகமும் வீதியின் சுத்தமும் நிறைய வருகின்றன. அவை வரட்டும். கூடவே, அண்டை வீட்டுக் கிழவி எப்படி வாழ்கிறாள், அங்கே கண்ட குறை என்ன என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பையனுக்கும் அதையே சொன்னோம்: ஒரு தேசத்துக்கு ஒரே சொல்லில் மார்க்குப் போடாதே, எதை வாங்கலாம், எதை விடலாம் என்று பார். அவன் பாதி ஒப்புக்கொண்டான். மறுநாள் காலை ரயிலேறுமுன், அந்தப் பலகைச் சுவரை இன்னொரு முறை பார்க்க வேண்டுமென்று அவனே எங்களை அழைத்துச் சென்றான்.