முதல் வரி

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராய் இருக்கும் எனக்கு நீரோடு உள்ள உறவு, நாள்தோறும் ஹூக்ளி ஆற்றை லாஞ்சில் கடப்பது ஒன்றே. ஆயினும், இதே நகரிலிருந்து 1969-இல் பினாகி சட்டர்ஜி, ஜார்ஜ் ஆல்பர்ட் டியூக் என்னும் இருவர் அந்தமான் வரை துடுப்பு வலித்தே சென்றனர் என்று அறிந்த நாள் முதல், அத்தகையோர் பற்றிய செய்தி எதையும் நான் படிக்காமல் விடுவதில்லை.

அவ்வாறு படித்ததே அட்லாண்டிக் மாகடலைத் துடுப்பால் கடக்கும் போட்டி. 1966-இல் ஜான் ரிட்ஜ்வேயுடன் 92 நாட்கள் துடுப்பு வலித்து அக்கடலைக் கடந்த சே பிளைத் என்பவரே 1997-இல் இதனைத் தொடங்கிவைத்தார். இப்போது டிசம்பர் மாதத்தில் கேனரித் தீவுகளுள் ஒன்றான லா கொமேராவிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 3,000 மைல் கடந்து ஆன்டிகுவாவை அடைகின்றனர். அறப்பணிக்கு நிதி திரட்டச் செல்வோரே அவர்களுள் பலர்.

என்னைக் கவர்ந்தது பயணமன்று, அதற்கான ஆயத்தம். இரவும் பகலும் இரண்டு மணி நேரம் உழைப்பு, இரண்டு மணி நேரம் ஓய்வு என்னும் முறைக்கு உடலைப் பழக்கவேண்டும். கடலில் உயிர்காத்தல், முதலுதவி, திசையறிதல் ஆகியவற்றைக் கற்றுத் தேறவேண்டும். உப்புநீரை நன்னீராக்கும் கருவி பழுதானால் நடுக்கடலில் தாமே செப்பனிடவேண்டும். புறப்படுமுன் உணவுப் பொட்டலம் முதல் மருந்து வரை கரையில் பரப்பிவைக்க, அதிகாரிகள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பர். பட்டியலே பிழைப்பான எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. பிறரிடம் கேட்குமுன் தம் சேமிப்பைச் செலவிட்டோரும், கரை சேர்ந்தபின் படகை விற்று அப்பணத்தையும் அறத்துக்கே அளித்தோரும் உண்டு.

அந்த வாரம் என் மேசையிலும் ஒரு பட்டியல் இருந்தது. எங்கள் அலுவலகத்துக்குத் தேநீர் கொண்டுவரும் பெரியவரின் பேத்திக்கு இருதய அறுவைச் சிகிச்சை. நன்கொடை திரட்டும் பொறுப்பு என்னுடையது. மேசை மேசையாகச் சென்றேன். சிலர் கோப்புக்குள் முகம் புதைத்தனர். சிலர் சம்பளம் வரட்டும் என்றனர். மனித மனம் வறண்டுவிட்டதென மனைவியிடம் நொந்துகொண்டேன். அவள் பட்டியலை வாங்கிப் பார்த்தாள்.

“இதில் உங்கள் பெயரைக் காணோமே?” என்றாள்.

எல்லாரும் கொடுத்தபின், குறைவதைப் பார்த்து எழுதலாம் என்றிருந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. தம்மையே முதலில் கொடுத்துவிட்டுக் கைநீட்டிய அந்தப் படகினரை எண்ணித் தலைகுனிந்தேன்.

மறுநாள் புதுத் தாள் எடுத்தேன். பூஜைக்கு வந்த போனஸ் முழுவதையும் என் பெயருக்கு நேரே முதல் வரியில் எழுதினேன். அன்று மாலைக்குள் பட்டியல் நிறைந்தது என்று எழுதினால் கதையாகிவிடும், நிறையவில்லை. ஆனால் ஒவ்வொரு மேசையின் முன்னும் கூசாமல் நின்றேன். குறைந்த தொகையை நம் சங்க அன்பர்கள் தந்து உதவினர்.

அச்சிறுமி இப்போது பள்ளிக்குச் செல்கிறாள். பெரியவர் இன்றும் எனக்குத் தேநீர் ஊற்றுகிறார். காசு மட்டும் வாங்க மறுக்கிறார். அதுதான் எங்களுக்குள் நாள்தோறும் வழக்கு.