சிவப்பு சிப்பும் சிவப்புப் பொத்தானும்

புனேயிலிருந்து சுமார் 50 கி.மீ. தள்ளி இருக்கிறது ரஞ்சன்காவ். மகாகணபதியைத் தரிசிக்க வருவது ஒரு கூட்டம். தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்கு வருவது இன்னொரு கூட்டம். இதுபோன்ற பேட்டைகளில் வெல்டிங் ரோபோ கம்பி வேலிக்குள்தான் நிற்கும். வேலிக் கதவைத் திறந்தால் அது ஓய்ந்துவிட வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் சிவப்பாக ஒரு எமர்ஜென்சி பொத்தானும் உண்டு.

அங்கே வேலை பார்ப்பவருக்கு ஷங்கரின் எந்திரன் (2010) கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். ராணுவத்துக்காகவே உருவாக்கப்பட்ட சிட்டிக்கு இந்தப் பொத்தான் இல்லை. காதல் முற்றிய ரோபோவை டாக்டர் வசீகரன் என்ன செய்கிறார்? துண்டு துண்டாக வெட்டி, நினைவுப் பதிவைக்கூட அழிக்காமல் குப்பைமேட்டில் போட்டுவிடுகிறார். பழைய கம்ப்யூட்டரைக்கூட யாரும் அப்படிக் கழித்துக்கட்டுவதில்லை! போரா பொறுக்கிக்கொண்டு போய் சிவப்பு சிப்பைச் செருகுகிறார். கடைசியில் ஒரு கட்டளையில் ரோபோ பட்டாளமே வீழ்கிறது. அந்த வழியை முதலிலேயே வைத்திருந்தால் ரஜினி ரசிகர்களுக்கு பாதிப் படம்தான் கிடைத்திருக்கும்.

ஹாலிவுட்டும் சளைத்ததல்ல. டெர்மினேட்டரில் (1984) காலயந்திரத்தில் உயிருள்ள சதை மட்டுமே பயணிக்க முடியும். இரண்டாம் பாகத்தில் (1991) முழுக்கத் திரவ உலோகமான வில்லன் சாவகாசமாக வந்து இறங்குகிறான். மேட்ரிக்ஸில் (1999) மனிதர்களே இயந்திரங்களின் பாட்டரி. சும்மா இருக்கும் மனித உடல் வெளியிடும் வெப்பம் சுமார் 100 வாட். அதற்குக் குறையாத ஆற்றலை உணவாக ஊட்டவும் வேண்டும். அந்த உணவையே எரித்துவிடலாமே?

இவையெல்லாம் மன்னிக்கக்கூடிய ஓட்டைகள். பெரிய ஓட்டை வேறு. இந்தப் படங்களில் இயந்திரம் கொலை செய்ய அதற்குக் கோபமோ காதலோ ஆட்சி வெறியோ வேண்டியிருக்கிறது. 1979ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஃபோர்டு ஆலையில் ஒரு தொழிலாளியை ரோபோ கை அடித்துக் கொன்றபோது அதற்கு இவை எதுவும் இல்லை. 2015 ஆகஸ்டில் ஹரியாணாவின் மானேசரில், நழுவிய உலோகத் தகட்டைச் சரிசெய்ய நெருங்கிய இளம் தொழிலாளி இறந்தார். ரோபோ தன் வேலையைத்தான் செய்தது.

வேலிக்குள் போகிறவர் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இத்தொழிலின் பாலபாடம். ஆனால் லைன் நின்றால் சூப்பர்வைசர் கேட்பார். தகட்டைத் தட்டிவிட ஒரு நிமிடம் போதும். பூட்டும் சாவியும் ஆணியிலேயே தொங்கும்.