மழை நாள் பல்லாங்குழி

1982ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் மழை விடாமல் பெய்தது. கித்தா மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. கவலையில் பிள்ளைகள் மீது எரிந்து விழுந்தேன். அவர்களுக்கோ கொண்டாட்டம், அம்மா வீட்டில் இருக்கிறாளே!

விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் எனக்குப் பிள்ளைகளோடு உட்கார நேரம் ஏது? மனம் மாறி, லயத்து அஞ்சடியில் கரித்துண்டால் பதினான்கு வட்டம் போட்டேன். வட்டத்துக்கு ஐந்தாக 70 கித்தாக் கொட்டைகள். எங்கள் பல்லாங்குழி தயார். ஜனவரியில் முதலாம் வகுப்புக்குப் போகவிருந்த சின்னவள் எண்ணக் கற்றது அதில்தான்.

ஒருநாள் பெரியவன், "இந்த வாரம் எத்தனை நாள் வேலைம்மா?" என்றான்.

"இரண்டே நாள்."

சின்னவள் தான் வென்ற கொட்டைகளில் ஐந்தை எண்ணி என் பக்கம் தள்ளினாள். "இப்ப ஏழு நாள் ஆச்சும்மா!"

சிரித்தேன், கண்ணும் கலங்கியது. அன்றிரவு மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. யாரும் முகம் சுளிக்கவில்லை.

அந்தத் தோட்டம் இன்று செம்பனைக் காடு. சின்னவளுக்கும் பிள்ளைகள் உண்டு. விடுமுறை வந்தால் தரையில் பதினான்கு வட்டம் போடுகிறாள். கொட்டைக்குப் பதில் புளியங்கொட்டை; ஆட்டம் அதேதான்.