வெளுத்த தலை

கருவாட்டு வியாபாரிகளுக்குப் பரம விரோதி ஒரு சிறிய கறுப்பு வண்டு. ஈரம் பட்டு உப்புக் குறைந்த கருவாட்டில் அது குடியேறிவிட்டால், கொஞ்ச நாளில் மூட்டைக்குள் முள்ளும் தூளும்தான் மிஞ்சும். அதே வண்டைப் பெரிய பெரிய பொருட்காட்சிசாலைகளில் பெட்டி போட்டு வளர்க்கிறார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விலங்கின் மண்டை ஓட்டில் ஒட்டியிருக்கும் சதையை, எலும்பில் ஒரு கீறல் விழாமல் தின்று தீர்க்க அதைவிட நல்ல வேலையாள் கிடையாதாம். பிறகு தாத்தாவின் ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

மண்டபத்தில் எங்கள் தாத்தாவுக்குக் கருவாட்டு வியாபாரம். 1960-களில் ஒரு நாள் அவரும் சிநேகிதர்களுமாக வடகடலில், பாக் விரிகுடாவைத்தான் சொல்கிறேன், வலை கட்டி ஓர் ஆவுளியாவைப் பிடித்தார்கள். கடற்பசு என்று புத்தகத்தில் போடுவார்களே, அது. கடலடிப் புல்லைத் தின்று, மூச்சு வாங்க மட்டும் மேலே வந்து போகும் சாதுப் பிராணி. கறிக்காக அதை வேட்டையாடுவது அப்போது இந்தக் கரையில் வழக்கந்தான். கறி பங்கு போயிற்று. தலையைத் தாத்தா வைத்துக்கொண்டார். கடைத் திண்ணைக்கு மேலே மாட்டவேண்டும் என்று ஆசை. "ஆண் ஆவுளியா! கரையேற்ற எட்டுப் பேர் வேண்டியிருந்தது" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்.

எலும்பை வெளுக்க வைப்பதில் அவசரம் ஆகாது. கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால் கொழுப்பு உள்ளே இறங்கி மஞ்சள் பூத்துவிடும். பிளீச்சிங் பவுடர் போட்டால் எலும்பே அரித்து உதிரும். தாத்தாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, பெருஞ்சதையைக் கத்தியால் அரிந்தெடுத்துவிட்டு, தலையை வண்டு விழுந்த கருவாட்டுக் கூடைக்கு நடுவில் வைத்து மூடினார். வண்டுகள் தங்கள் வேலையை முடித்ததும், சவுக்காரத் தண்ணீரில் ஊறப் போட்டு, எண்ணெய் மிதக்க மிதக்கத் தண்ணீரை மாற்றினார். கடைசியில், மருந்துக் கடையில் புண் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடை வாங்கி வந்து பஞ்சில் நனைத்துப் போர்த்தினார். நுரைத்து அடங்கியதும் தலை சங்கு மாதிரி வெளுத்திருந்தது.

பார்க்க வந்த கூட்டத்தில் ஒரு வயசாளி, கீழ்நோக்கி மடிந்த அந்த மேல்தாடையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆம்பளைன்னு சொன்னீகளே முதலாளி, கொம்புப் பல்லைக் காணோமே?"

வளர்ந்த ஆணுக்குத்தான் மேல்தாடையில் தந்தம் வெளியே வரும். பெண்ணுக்குப் பெரும்பாலும் எலும்புக்குள்ளேயே தங்கிவிடும். வெட்டியவர்களுக்கு உண்மை தெரியும். சிநேகிதத்துக்காக வாய் திறக்கவில்லை. எலும்பு யாருக்குச் சிநேகிதம்?

அன்று இரவு அப்பத்தா ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். "குட்டி கூட இருந்துச்சா?"

தாத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பதில் சொல்லவில்லை.

ஆவுளியா ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டிதான் போடும். அதையும் ஒரு வருஷத்துக்கு மேல் சுமக்கும். பிறந்த குட்டி ஒன்றரை வருஷம் போலத் தாயை ஒட்டியே திரியும். தாத்தா இதையெல்லாம் படித்தவரல்ல. ஆனால் கடலைப் பார்த்தவர். விடியுமுன் தலையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வள்ளத்தில் ஏறினார். திரும்பி வந்து, "எடுத்த எடத்துலயே போட்டுட்டேன்" என்றார். அதற்கப்புறம் ஆவுளியா வேட்டைக்கு அவர் போகவில்லை.

1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்த வேட்டையைத் தடுத்தது. 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாவின் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. அந்தச் செய்தியை அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆவுளியாவுக்கு எழுபது வயசு வரைக்கும் ஆயுள் உண்டு என்பதையும் சொன்னேன்.

அப்பத்தா விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"அப்ப அந்தக் குட்டி பொழைச்சிருந்தா, இப்பக் கெழடாயிருக்கும்" என்றாள்.