கடைக்காரர் மேல் தப்பில்லை

அந்த டிஸ்க் பிரேக் செட்டை விற்ற கடைக்காரர்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு அவர்களுக்கு நான் எழுதிய கடிதம் முழுக்கப் பொய்.

என்னுடையது 1966 ஷெவர்லே சி10 பிக்கப். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அறை மாஸ்டர் சிலிண்டர். எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நான்கும் போச்சு. 1967-இல் இரட்டை அறை சிலிண்டர் வந்துவிட்டது, 1971-இல் முன்சக்கர டிஸ்க். பழைய வண்டிக் கண்காட்சிகளில் இதையெல்லாம் அடுத்தவருக்கு வகுப்பெடுக்கிற ஆள் நான்.

அப்படியும் டிஸ்க்கை மட்டும் மாட்டினேன். சிவப்புக் காலிப்பர் சக்கர இடுக்கில் பளிச்சென்று தெரியும். மாஸ்டர் சிலிண்டரை யார் பார்க்கப்போகிறார்கள்? அதற்கு ஒதுக்கிய காசு பெயின்டுக்குப் போயிற்று. அதையும் மாற்றியே ஆகவேண்டும் என்று செட்டோடு வந்த தாளில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. படித்துவிட்டுத்தான் மடித்து வைத்தேன்.

பழைய சிலிண்டரின் வாயில் ஒரு குட்டி வால்வு இருக்கும். காலை எடுத்த பிறகும் குழாயில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்மில் பிரேக் ஷூவைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் உண்டு, அதனால் பாதகமில்லை. டிஸ்க்கில் பேட் உரசிக்கொண்டே கிடக்கும்.

கொலராடோவில், லவ்லண்ட் கணவாயிலிருந்து இறங்கும்போது அந்த உரசல் சூட்டில் பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டது. பெடல் தரையைத் தொட்டது. பக்கத்தில் எதிர்வீட்டுப் பையன். கியரைக் குறைத்தேன், பின்சக்கரத்தைக் கம்பியால் இழுக்கும் பார்க்கிங் பிரேக்குக்கு எண்ணெய் வேண்டாம் என்பதால் பிழைத்தோம். ஓரமாக நின்றதும், என்ன ஆச்சு என்று கேட்டான்.

"மட்டமான செட்டுப்பா, ஏமாத்திட்டானுங்க" என்றேன். கை நடுக்கம் நிற்பதற்கு முன்பே பொய் வந்துவிட்டது.

அவன் அம்மாவிடமும் அதையே சொன்னேன். பிறகு கருகிய பேட்களைப் படமெடுத்துக் கடிதத்தோடு அனுப்பினேன். மாஸ்டர் சிலிண்டரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. மறுகேள்வி கேட்காமல் முழுப்பணத்தையும் அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பணத்தில்தான் இரட்டை அறை சிலிண்டரும் பூஸ்டரும் வாங்கினேன். புதுப் பேட் மாட்டிய அதே செட்டு இன்று அருமையாகப் பிடிக்கிறது. கண்காட்சியில் யாராவது விசாரித்தால், அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள் என்று பையன் முந்திக்கொண்டு சொல்கிறான். நானும் தலையாட்டுகிறேன்.